ஜேஇஇ 66 பெர்சென்டைல், கட்ஆஃப் 196.5: எனக்கு சீட் கிடைச்ச கதை

பிளஸ் டூ மார்க் நல்லா வாங்கி, ஐஐடி என்ஐடி சேர எழுதற ஜேஇஇ என்ட்ரன்ஸ்ல கோட்டை விட்டுட்டு இப்ப வீட்ல உக்காந்து அழுதுட்டு இருக்கற பசங்களுக்காகவும், அவங்கள விட ஜாஸ்தியா பயந்து போய் இருக்கற அப்பா அம்மாவுக்காகவும்தான் இத எழுதறேன். நான் 2023-ல பிளஸ் டூ முடிச்சவ, ஊர் திண்டுக்கல் பக்கம், அப்பா சின்னதா ஹார்டுவேர் கடை வெச்சிருக்காங்க. எங்க வீட்ல டிகிரின்னு ஒன்னு முதல்ல படிக்கறது நான்தான்.

எங்க பேட்ச பத்தி முதல்ல சொல்லிடணும், ஏன்னா அங்கதான் எல்லாமே ஆரம்பிச்சுது. 2021-ல கொரோனாவால பத்தாவது பரீட்சையே நடக்கல, எல்லாரும் ஆல் பாஸ், மார்க் ஷீட்ல மார்க்கே இல்ல. பதினொன்னாவது பாதி நாள் போன்லயே போச்சு, ஸ்கூல் திறந்தது செப்டம்பர்ல. 2022 மே மாசம் எழுதுன பதினொன்னாவது பப்ளிக்தான் நாங்க வாழ்க்கைல எழுதுன முதல் பொதுத்தேர்வு. அந்த வருஷம் பிசிக்ஸ்ல வெக்டார், ரொட்டேஷன், தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் எனக்கு அரைகுறையாதான் ஏறுச்சு. ஜேஇஇ மெயின்ல பதினொன்னாவது பாடமும் பன்னிரண்டாவது பாடமும் கிட்டத்தட்ட சரிபாதி வரும். நம்ம ஊர் இன்ஜினியரிங் கட்ஆஃப்க்கு, அதாவது மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மார்க்க வெச்சு 200-க்கு போடற கணக்குக்கு, பன்னிரண்டாவது மார்க் மட்டும்தான். இந்த வித்தியாசம் அப்ப எனக்கு யாரும் சொல்லல, தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு வருஷத்த வேற மாதிரி பிரிச்சு படிச்சிருப்பேன்.

ஜேஇஇ ஃபார்ம் போடறப்பவே ஒரு கூத்து. 2022 டிசம்பர்ல வெப்சைட்ல பத்தாவது மார்க் போட்டாதான் அடுத்த பக்கம் போகும்னு நின்னுச்சு, எங்ககிட்ட மார்க்கே இல்லையே, என்னத்த போடறது. அப்புறம் தமிழ்நாட்டு பசங்களுக்கு மட்டும் அந்த கட்டத்துக்கு விலக்கு குடுத்தாங்க. அந்த ரெண்டு மூணு வாரம் படிப்பே ஓடல.

ஜனவரி செஷன் மதுரைல எழுதுனேன். 3 மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி மவுச புடிச்சுட்டு பரீட்சை எழுதறது எனக்கு அதான் முதல் தடவை. முதல் கேள்விலயே ஏழு நிமிஷம் போச்சு. நம்ம பப்ளிக்ல அஞ்சு மார்க் கணக்குல கடைசி விடை தப்பா இருந்தாலும் ஸ்டெப்புக்கு மூணு மார்க்காவது விழும், இங்க விடை சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1, நடுவுல ஒன்னுமே இல்ல. கை பழகுனது ஒரு மாதிரி, கேட்டது வேற மாதிரி. பிப்ரவரில ரிசல்ட் வந்தப்ப அப்பா கடைல கல்லாப்பெட்டி பக்கத்துல நின்னுட்டு போன்ல பாத்தேன், 58.3 பெர்சென்டைல், அதாவது எழுதுன நூறு பேர்ல சுமார் 58 பேர் எனக்கு கீழ. அப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, 58 மார்க்குன்னா பரவால்லயேம்மா பாஸ்தானேன்னு சொன்னாங்க. பெர்சென்டைல்னா என்னன்னு அவங்களுக்கு விளக்கி சொல்றதுக்குள்ள எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

ஏப்ரல் 3-ம் தேதி பப்ளிக் முடிஞ்சுது, 6-ம் தேதி ஜேஇஇ ரெண்டாவது செஷன் ஆரம்பம். மூணு நாள்ல என்ன பண்ண முடியும், எழுதுனேன், 66.2 வந்துச்சு. அந்த வருஷம் ரெண்டு செஷனும் சேத்து பதினோரு லட்சம் பேருக்கு மேல எழுதுனாங்க, அப்ப எனக்கு முன்னாடி மூணரை லட்சம் பேருக்கு மேல நிக்கறாங்கன்னு அர்த்தம். என்ஐடி திருச்சில பாதி சீட் நம்ம மாநிலத்து பசங்களுக்குத்தான், ஆனா இந்த பெர்சென்டைல வெச்சுட்டு அதோட வாசப்படி கூட மிதிக்க முடியாது. இதுல எனக்கு எந்த குழப்பமும் இல்ல, இருக்கவும் கூடாது. என்ட்ரன்ஸ் கேக்கற இடத்துல மார்க் ஷீட்ட நீட்டி பிரயோஜனம் இல்ல. ஐஐடி என்ஐடி சேர பன்னிரண்டாவதுல 75 சதவீதம் வேணும்னு ஒரு விதி இருக்கு, நம்ம பிளஸ் டூ மார்க் அங்க உதவறது அந்த ஒரு இடத்துல மட்டும்தான்.

மே 8 பிளஸ் டூ ரிசல்ட். தமிழ் 97, இங்கிலீஷ் 96, மேத்ஸ் 99, பிசிக்ஸ் 97, கெமிஸ்ட்ரி 98, கம்ப்யூட்டர் சயின்ஸ் 100. தெருவே ஸ்வீட் சாப்பிட்டுச்சு, எனக்கு மட்டும் தொண்டைல இறங்கல, ஏன்னா எல்லாரும் கேக்கற அடுத்த கேள்வி ஜேஇஇ எவ்வளவும்மாங்கறதுதான்.

எங்க தாய்மாமா ரொம்ப பாசக்காரர், என் படிப்புல அக்கறை உள்ளவர், ஆனா அவர்தான் என்ன ரொம்ப பயமுறுத்துனதும். என்ட்ரன்ஸ்ல இவ்வளவு கம்மின்னா நல்ல காலேஜ் கிடைக்காது பாப்பா, ஒரு வருஷம் லாங் டெர்ம் கோச்சிங் போய் திரும்ப எழுது, பணம் நான் கட்டறேன்னாரு. அவர் சொல்றதுக்கு காரணம் இருக்கு. அவர் காலத்துல தமிழ்நாட்டுலயே இன்ஜினியரிங்குக்கு தனி நுழைவுத்தேர்வு இருந்துச்சு, கட்ஆஃப் மொத்தம் 300, அதுல 200 பிளஸ் டூ மார்க்ல இருந்து, 100 என்ட்ரன்ஸ்ல இருந்து. அவர் பன்னிரண்டாவதுல நல்ல மார்க் வாங்கி அந்த நூறுல போய் அடி வாங்குனவர், கடைசில டிப்ளமோதான் படிச்சார். ஆனந்தகிருஷ்ணன் கமிட்டி சிபாரிசு பண்ணி, கிராமத்து பசங்களும் கோச்சிங்குக்கு காசு இல்லாதவங்களும் பாதிக்கப்படறாங்கன்னு அந்த தேர்வயே எடுத்துட்டாங்க, 2007-08 வருஷத்துல இருந்து வெறும் பிளஸ் டூ மார்க்தான். மாமாவுக்கு அது எடுத்தது தெரியும், ஆனா மனசுல அந்த பழைய அடி அப்படியே இருக்கு. இத எழுதறப்ப அவர் மேல கோவமே வரல, எனக்கு அந்த அடி விழக்கூடாதுன்னுதான் அப்படி பேசுனார்னு இப்ப புரியுது.

இப்ப கணக்கு எப்படின்னா மேத்ஸ் நூறு அப்படியே, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி, ஆக மொத்தம் 200. எனக்கு 99, 48.5, 49, கூட்டுனா 196.5. மேத்ஸ்ல ஒரு மார்க் போனா கட்ஆஃப்ல முழுசா ஒன்னு போயிரும், கெமிஸ்ட்ரில ஒன்னு போனா அரைதான். டிசம்பர்லயே எங்க கெமிஸ்ட்ரி சார் இத போர்டுல எழுதி காட்டி, என் சப்ஜெக்ட்ட விட்டுட்டு போய் கணக்கு போடுங்கன்னு சொன்னார், எந்த வாத்தியார் சொல்லுவாங்க இப்படி. மொத்தம் 600-க்கு எவ்வளவுன்னு ஊரே கேக்கும், கட்ஆஃப் வரிசைப்படி இன்ஜினியரிங் சீட் குடுக்கற தமிழ்நாடு கவுன்சிலிங்ல அந்த நம்பர யாரும் பாக்க மாட்டாங்க.

ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து காலேஜ் சீட் புடிச்சு தர்றோம்னு ஏஜென்ட்டுங்க போன் வர ஆரம்பிச்சுது. எங்க இருந்து நம்பர் கிடைச்சுதோ தெரியல, பேர் சொல்லியே கூப்பிடறாங்க. உங்க பொண்ணு ஜேஇஇல கம்மி சார், கவுன்சிலிங்ல ஒன்னும் வராது, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணே சீட்தான் மிச்சம் இருக்கு, இன்னைக்கு 25000 டோக்கன் அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்னு. ஜேஇஇக்கும் தமிழ்நாடு கவுன்சிலிங்குக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அப்பாவுக்கு அது எப்படி தெரியும், மூணாவது போன்ல அப்பா பேங்க் பாஸ்புக்க எடுத்துட்டாங்க. நான் ஓடிப்போய் கெமிஸ்ட்ரி சாருக்கு போன் போட்டு அப்பாகிட்ட குடுத்தேன். சார் ரொம்ப பொறுமையா பேசுனார். அண்ணே, உங்க பொண்ணு 196.5 வெச்சிருக்கு, கவுன்சிலிங் முடியற வரைக்கும் யாருக்கும் ஒத்த ரூபா குடுக்காதீங்க, எதுவும் சரியா வரலைன்னா அப்பவும் அந்த சீட் அங்கயேதான் இருக்கும், இன்னும் கம்மி ரேட்டுக்கு கூப்பிடுவாங்கன்னார். அந்த ஒரு போன் இல்லன்னா இன்னைக்கு எங்க வீட்ல லோன் ஓடிட்டு இருந்திருக்கும். உங்க வீட்டுக்கும் கால் வரும், அவங்க குறி வெக்கறதே மார்க் இருந்தும் என்ட்ரன்ஸ்ல கம்மியா எடுத்து பயந்து போன வீட்டத்தான். கவுன்சிலிங் முடியறதுக்கு முன்னாடி டோக்கன் கட்டாதீங்க, கையெடுத்து கேட்டுக்கறேன்.

லாங் டெர்ம் போகலாமான்னு நானும் ஒரு வாரம் யோசிச்சேன். போறது தப்புன்னு சொல்ல மாட்டேன், 90-க்கு மேல எடுத்து நூலிழைல விட்டவங்களுக்கு அது சரியா இருக்கலாம். நான் என்ன பண்ணுனேன்னா பழைய ஜேஇஇ பேப்பர் ஒன்ன எடுத்து, டைமே வெக்காம, ஒரு நாள் பூரா உக்காந்து போட்டு பாத்தேன். பன்னிரண்டாவது பாடத்துல வர்ற கேள்வி முக்காவாசி போட முடிஞ்சுது, பதினொன்னாவது பாடத்துல பாதி கூட போட முடியல. ஆக எனக்கு இருந்தது வேகம் பத்தாத குறை மட்டும் இல்ல, நிஜமாவே பாடத்துல ஓட்டை இருந்துச்சு. அத அடைக்கறதுக்கு ஒரு வருஷம், ஒன்னரை லட்ச ரூபா, ஹாஸ்டல், அதுக்கப்புறமும் என்ஐடி நிச்சயம் இல்ல. இந்தப் பக்கம் கைல 196.5 இருக்கு. நான் கவுன்சிலிங்க எடுத்தேன். உங்களுக்கும் இதே சந்தேகம் இருந்தா அந்த ஒரு நாள் சோதனைய மட்டும் பண்ணிப் பாருங்க, டைம் குடுத்தா போட முடியுதா இல்ல டைம் குடுத்தாலும் முடியலையான்னு தெரிஞ்சா முடிவு பாதி தானா வந்துரும்.

என் ஃபிரண்டுக்கு நடந்தத சொல்லியே ஆகணும். அவளுக்கு 76 பெர்சென்டைல். அந்த வருஷம் ஐஐடிக்கு அடுத்ததா எழுதற ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வுக்கு தகுதி பொதுப்பிரிவுக்கு 90.77, ஓபிசிக்கு 73.61. அவ பிசி, ஆனா நம்ம ஊர் பிசி சர்டிபிகேட்டும் சென்ட்ரல் கவர்மென்ட்டுக்கு குடுக்கற ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள்ள இருக்கறவங்களுக்கான) சர்டிபிகேட்டும் வேற வேறன்னு அவளுக்கு தெரியல, அத வாங்கவே இல்ல, ஃபார்ம்ல ஜெனரல்னு போட்டுட்டா. அட்வான்ஸ்ட் எழுதி ஐஐடி கிடைச்சிருக்குமான்னு சொல்ல முடியாது, ஆனா எழுதற வாய்ப்பே ஒரு பேப்பரால போச்சு. பன்னிரண்டாவது ஆரம்பிக்கறப்பவே அந்த சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணி வெச்சுக்கோங்க.

பேப்பர்னு சொன்னதும் முதல் பட்டதாரி சான்றிதழ் ஞாபகம் வருது. அப்பா அம்மா தாத்தா பாட்டி கூடப்பிறந்தவங்க யாரும் டிகிரி முடிக்கலைன்னா டியூஷன் ஃபீஸ்ல சலுகை உண்டு. இ-சேவைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு மேஜையா நகரும், மே ஜூன்ல ஊரே அங்கதான் நிக்கும். எனக்கு சர்டிபிகேட் அப்லோட் பண்ற கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு, அந்த பத்து நாள் அம்மா வயித்துல நெருப்ப கட்டிட்டு இருந்தாங்க. பிப்ரவரிலயே போட்டு வெச்சிருந்தா இந்த அலைச்சலே இல்ல.

இப்ப சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்ல நமக்கு வேணுங்கற காலேஜயும் பிராஞ்சயும் வரிசையா குடுக்கறது. எனக்கு தெரிஞ்சு மார்க் இருந்தும் நல்ல காலேஜ கோட்டை விடறவங்க நிறைய பேர் இங்கதான் விடறாங்க. 2023-ல முதல் ரவுண்டு ஜூலை 28 ஆரம்பிச்சுது, ஆனா நாங்க லிஸ்ட்ட ஜூன் மாசமே எழுத ஆரம்பிச்சுட்டோம். அப்பா கடை பில் புக் ஒன்னு, கார்பன் வெச்ச மஞ்சத்தாள் உள்ளது, அதோட பின்பக்கத்துல கோடு போட்டு காலேஜ் கோட், பிராஞ்ச், போன வருஷம் பிசிக்கு கடைசியா போன கட்ஆஃப், பஸ்ல எவ்வளவு நேரம்னு நாலு காலம். கவுன்சிலிங் வெப்சைட்லயே போன வருஷங்களோட கட்ஆஃப் ஒவ்வொரு காலேஜுக்கும், ஒவ்வொரு பிராஞ்சுக்கும், ஒவ்வொரு கம்யூனிட்டிக்கும் தனித்தனியா இருக்கு, இதுக்கு எந்த கன்சல்டன்சிக்கும் காசு குடுக்க வேண்டாம். ராத்திரி கடை சாத்திட்டு வந்து அப்பா கோட் நம்பர சத்தமா வாசிப்பாங்க, நான் போன்ல சரி பாப்பேன். 1 கிண்டி, 4 எம்ஐடி குரோம்பேட்டை, 2005 ஜிசிடி, 2006 பிஎஸ்ஜி டெக், 5008 மதுரை தியாகராஜர். ஒரு மாசத்துல அப்பாவுக்கு முப்பது கோட் மனப்பாடம்.

கோட்ட பாத்து போடணும்னு இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. சிஐடின்னா கோயம்புத்தூர்லயும் இருக்கு சென்னைலயும் இருக்கு, ரெண்டும் வேற வேற காலேஜ். அண்ணா யுனிவர்சிட்டின்னு பேர பாத்ததும் கிண்டின்னு நினைச்சுட்டு வேற ஊர்ல இருக்கற ரீஜினல் கேம்பஸ மேல தூக்கி வெச்ச பையன எனக்கு தெரியும். அது மோசமான காலேஜ் இல்ல, ஆனா அவன் கேட்டது அது இல்ல.

அடுத்தது வரிசை. கிடைக்குமா கிடைக்காதான்னு பாத்து வரிசை போடாதீங்க, உங்களுக்கு எது ரொம்ப புடிக்குமோ அது மேல. சிஸ்டம் மேல இருந்து கீழ பாத்துட்டே வரும், உங்க ரேங்க்ல எது முதல்ல காலியா இருக்கோ அத குடுத்துரும், அதுக்கு கீழ இருக்கறத திரும்பியே பாக்காது. மேல கிடைக்காதத எழுதுனா ஒரு நஷ்டமும் இல்ல, ஆனா பயந்துட்டு சேஃபான ஒன்ன மேல வெச்சா அதுதான் தலைல விழும். மாமா இதுல கடைசி வரைக்கும் சண்டை போட்டார், கிண்டி இசிஇ எல்லாம் 199-க்கு மேல போகும் அத எதுக்கு எழுதறன்னு கேட்டார். எழுதுனேன், கிடைக்கல, ஒன்னும் ஆகல. மொத்தம் 84 சாய்ஸ் குடுத்தேன். நல்ல கட்ஆஃப் வெச்சுட்டு வெறும் ஆறு ஏழு சாய்ஸ் குடுத்தவங்க எங்க ஸ்கூல்லயே ரெண்டு பேர், முதல் ரவுண்டுல அவங்களுக்கு ஒன்னுமே வரல.

எனக்கு டென்டேட்டிவ் அலாட்மென்ட்ல, அதாவது தற்காலிக ஒதுக்கீட்டுல, எம்ஐடி இன்ஸ்ட்ருமென்டேஷன் வந்துச்சு. அதுலயும் அஞ்சு ஆப்ஷன் குடுப்பாங்க, ரெண்டு நாள்தான் டைம். ஏத்துக்கிட்டு சேந்துக்கறேன், ஏத்துக்கறேன் ஆனா மேல வந்தா வேணும், இது வேண்டாம் மேல வந்தா மட்டும் வேணும், அடுத்த ரவுண்டுக்கு போறேன், விலகிக்கறேன்னு. நான் ரெண்டாவத அமுக்குனேன், கைல இருக்கறதும் போகாது, மேல போற வழியும் திறந்திருக்கும். அத அமுக்குனா ஃபெசிலிடேஷன் சென்டர்ங்கற கவுன்சிலிங் உதவி மையத்துல போய் பணம் கட்டணும், கட்டலைன்னா எல்லாமே போயிரும், இத மறந்துட்டு காலேஜுக்கு நேரா பெட்டிய கட்டிட்டு போனவங்களும் உண்டு. ஒரு வாரம் கழிச்சு காலைல அம்மா தோசை ஊத்திட்டு இருக்கறப்ப மெசேஜ் வந்துச்சு. கிண்டி காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங், ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் பிராஞ்ச். அம்மா தோசைக்கரண்டிய கைல வெச்சுட்டே என்ன கட்டிப்புடிச்சாங்க, தோசை கருகி வீடெல்லாம் புகை. 1794-ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச காலேஜ் அது, அந்த செங்கல் கட்டடத்து முன்னாடி அப்பா செருப்ப கழட்டிட்டு நின்னாங்க, கோயில் மாதிரி.

இன்ஜினியரிங் மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. மார்க்க பாத்து சேக்கற நல்ல இடங்க நிறைய இருக்கு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், சென்னை கால்நடை பல்கலைக்கழகம், சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட சீர்மிகு சட்டப்பள்ளி, இதெல்லாம் நம்ம பிளஸ் டூ மார்க்தான் பாக்கும், ஆனா ஒவ்வொன்னுக்கும் அப்ளிகேஷன் தனி, தேதி தனி, காலண்டர்ல எழுதி ஒட்டிக்கோங்க. ஐஐடி பேர்ல ரொம்ப ஆசைன்னா ஐஐடி மெட்ராஸ் நடத்தற ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இருக்கு, ஜேஇஇ இல்லாமலே குவாலிஃபையர் பாஸ் பண்ணி சேரலாம், என் கிளாஸ்ல காலேஜோட சேத்து அதையும் படிக்கறவங்க இருக்காங்க.

ஒன்னு நேர்மையா சொல்லணும். சீட் கிடைச்சுதுன்னு அந்த ஓட்டை தானா அடைபடல. முதல் செமஸ்டர்ல மேத்ஸும் பிசிக்ஸும் என்ன உலுக்கி எடுத்துருச்சு, முதல் இன்டர்னல்ல மேத்ஸ்ல 50-க்கு 17. ஜேஇஇக்கு ஒழுங்கா படிச்சுட்டு வந்தவங்க சர்வ சாதாரணமா போட்டாங்க. ஜேஇஇ மார்க் என்ன பத்தி பொய் சொல்லல, ஒரு உண்மைய சொல்லுச்சு, நான் முட்டாள்னு மட்டும் அது சொல்லல. ரூம்மேட் ஒருத்தி தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல பதினொன்னாவது புக்க வெச்சே எனக்கு சொல்லிக் குடுத்தா, செமஸ்டர்ல தப்பிச்சேன். மே, ஜூன், ஜூலைன்னு மூணு மாசம் சும்மா இருந்தேனே, அதுல ஒரு மாசம் அந்த பழைய புக்க எடுத்திருந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல. கவுன்சிலிங் டென்ஷன்ல எதுவும் ஓடாதுதான், இருந்தாலும் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாவது எடுங்க.

இப்ப லீவுக்கு வந்திருக்கேன். எதிர் வீட்டு தம்பி ஜேஇஇல 41 பெர்சென்டைல்னு ரெண்டு நாளா சாப்பிடலைன்னு அவங்க அம்மா வந்து சொன்னாங்க. அவன் கட்ஆஃப் 171, ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல். அவனுக்கு கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல ரேங்க் தனியா வரும், டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டும், இது அந்த அக்காவுக்கு சுத்தமா தெரியல, கேட்டதும் திண்ணைலயே உக்காந்துட்டாங்க. அப்பா உள்ள போய் அந்த பழைய பில் புக்க தேடி எடுத்துட்டு வந்தாங்க, இன்னும் நாப்பது தாள் காலியா இருக்கு. தம்பி ஆறாவதுல இருந்து அங்கயே படிச்சான்னு ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கணும், நாளைக்கு காலைல ஹெச்எம் வருவாராம், அவன கூட்டிட்டு போகணும்.